அஸ்தமனத்தில் ஒரு காலை வணக்கம்

போன மாதம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சண்முகவேல் சாரிடமிருந்து போன் வந்தது. அச்சகத்தில் எனக்கு மேலாளராக இருந்தவர். எண்பதைத் தாண்டிவிட்டார், வேப்பம்பட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். அந்த வயதுக்காரர்களின் எண்ணிலிருந்து காலங்கார்த்தாலே போன் வந்தால் நல்ல சேதியாகவா இருக்கும்? வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் மனிதர் ஆரம்பித்துவிட்டார்.

"குமாரு, நம்ம ஏரிப் படம் வாட்ஸ்அப்புல வந்திருக்குப்பா. எவனோ ரோசாப்பூ வச்சு, காபிக் கோப்பை வச்சு, இனிய காலை வணக்கம்னு எழுதி விட்டிருக்கான். அது அஸ்தமனம்ப்பா. அஸ்தமனத்துல எப்படிக் காலை வணக்கம் போடுவான்? உடனே திருத்தச் சொல்லு."

யாரைத் திருத்தச் சொல்வது, எங்கே போய்ச் சொல்வது? சரி சார், சரி சார் என்று சொல்லி வைத்துவிட்டு என் போனைத் திறந்தால், அடேயப்பா, சகலை வீட்டுக் குழுவில் அதே படம். எங்கள் அடுக்ககக் குழுவில் அதே படம். நான் காய்கறி வாங்கும் கடைக்காரர்கூட அதையே அனுப்பியிருக்கிறார். நான் எடுத்த படம். என் ஏரி, என் சூரியன், என் சைக்கிள்காரர்கள். ஓரத்தில் உழைப்பைப் பற்றி ஏதோ ஒரு பொன்மொழி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளில் ஈரத்துண்டோடு கூடத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, லாட்டரி எதுவும் விழுந்துவிட்டதா என்று கேட்டாள்.

அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் நந்தினி என்றொரு பெண் இருக்கிறாள். ஐ.டி. வேலை, சொந்த ஊர் தேனிப் பக்கம். தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய்ப் போனில் சூரியனைப் பிடித்து எங்களுக்கெல்லாம் அனுப்புவாள். அந்தக் காலை வணக்கத்தை எடுத்தவன் நான்தான் என்று சொன்னதும் அவள் நம்பவே இல்லை. பிறகு, அங்கிள், கதை முழுசும் எழுதுங்க, நம்ம அபார்ட்மெண்ட் சங்கத்து மலர்ல போடலாம் என்று பிடித்துக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன். சும்மா இருந்தவனைச் சுரண்டிவிட்டது அவள்தான், நீளமாகிவிட்டால் அவளைக் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூர். ஐ.டி.ஐ. முடித்ததும் அங்கேயே தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். காலண்டர் அடிக்கும் அச்சகம். வருடத்தில் பாதி நாள் காலண்டர், மீதி நாள் சோப்பு டப்பா, தீப்பெட்டி லேபிள். கூட்டிப் பெருக்கியதில் தொடங்கி, மருந்து கலக்கி, ஃபிலிம் கழுவி, கடைசியில் கலர் பிரிக்கும் வேலைக்கு வந்தேன். ஒரு வண்ணப் படத்தை அச்சடிக்க வேண்டுமென்றால் அதை நான்கு நிறமாகப் பிரித்து நான்கு ஃபிலிம் எடுக்க வேண்டும். அதைச் செய்வது இருட்டறையில். காலையில் உள்ளே போனால் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருவேன், கண் கூசும். மறுபடி உள்ளே போனால் சங்கு ஊதிய பிறகுதான் வருவேன். உலகத்தில் உள்ள அத்தனை சூரியோதயத்தையும் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

காலண்டர் வியாபாரத்தில் படங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சாமி. அடுத்தது குழந்தை. மூன்றாவது சீனரி. மளிகைக் கடையும் நகைக் கடையும் சாமி கேட்பார்கள். எல்லா மதத்துக்காரரும் வந்து போகும் இடங்கள், அதாவது சலூன், லேத் பட்டறை, டியூட்டோரியல், பல் டாக்டர், எல்லாம் சீனரி கேட்பார்கள். இயற்கையோடு யாருக்கும் சண்டை இல்லையே. அந்தச் சீனரியெல்லாம் வெளிநாட்டு ஸ்லைடுகள், அதாவது ஃபிலிமிலேயே கலராக விழுந்த படங்கள். பனிமலை, பச்சைப் புல், மரவீடு, ஓடை. எந்த ஊர் என்று எங்களுக்கே தெரியாது.

ஆனால் அந்த ஊர் பேர் தெரியாத மலைகள் நம் ஜனங்களின் கண்ணை எப்படிப் பிடித்து ஆட்டின தெரியுமா! ஆழ்துளைக் கிணறு போடும் லாரியின் பின்பக்கத்தில் பெயிண்டர்கள் எங்கள் காலண்டரைப் பார்த்துத்தான் பனிமலை வரைவார்கள். கூடவே தங்கள் கைவரிசையாக இரண்டு தென்னை மரம். ஸ்டுடியோக்களில் திரை முழுக்க எங்கள் மலைதான். என் தங்கை கல்யாணத்துக்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். சித்திரை வெயில், ஃபேன் ஓடினால் திரை ஆடும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். பின்னால் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, முன்னால் அவள் பட்டுப்புடவையில் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். இன்றும் அந்தப் படத்தைக் காட்டினால் எங்கள் வீட்டில் சிரிப்பு அடங்காது.

சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சீனரி வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, வளைந்து வரும் ஓர் ஆறு. ஆவடியில் எந்த மலையைப் பார்த்தார்கள்? அந்தச் சந்தேகம் எனக்குள் ஏறியதிலிருந்துதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும் என்ற வெறி பிடித்தது. நம் ஊரும் ஒரு சீனரிதான் என்று யாராவது ஒருவர் சுவரில் மாட்ட வேண்டும். வாய் திறந்து கேட்க வேண்டியது சண்முகவேல் சாரிடம். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

சிவகாசிக்காரர். ஆர்ட் மேனேஜர். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக்கை, மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒரு படத்தைப் போடலாமா வேண்டாமா என்று அவர் பார்க்கும் விதமே தனி. அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் ஸ்லைடை வைப்பார். பூதக்கண்ணாடியால் முதலில் நான்கு மூலைகளைப் பார்ப்பார், நடுவைக் கடைசியில்தான் பார்ப்பார். பிறகு உள்ளங்கையால் மேல்பாகத்தை மூடிக்கொண்டு, கடைப் பேர் எங்கே உட்காரும் என்று கேட்பார். காலண்டர் படத்துக்கு அதுதான் உயிர். எவ்வளவு அழகான படமானாலும் பேர் அச்சடிக்க வெறும் வானம் இல்லையென்றால் குப்பைதான். அதற்கப்புறம் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட் வரைக்கும் நடந்து போய் அங்கிருந்து திரும்பிப் பார்ப்பார். சலூனில் முடி வெட்டிக்கொள்பவன் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கிற தூரம் அது என்பார்.

இதையெல்லாம் தாண்டினாலும் சட்டதிட்டங்கள் இருந்தன. பட்ட மரம் கூடாது. ஆளில்லாத படகு கூடாது. ஒற்றைப் பறவை கூடாது. ஓடை நம்மைப் பார்த்து ஓடி வர வேண்டும், விலகிப் போகக் கூடாது. மனிதர்கள் இருந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அஸ்தமனம் கூடவே கூடாது. கடைக்காரன் வருடம் முழுக்கக் கல்லாவுக்கு மேலே இறங்கும் சூரியனை மாட்டுவானா? இதில் தேறாதது எல்லாம் குப்பைக்கூடைக்கு. பிடிக்காவிட்டால் ஸ்லைடை நம் பக்கம் தள்ளிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இதை உன் வீட்டுல மாட்டுவியா?" பிடித்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். "போடலாம்" என்று ஒரு சொல். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை அந்த அச்சகத்தில் யாரும் வாங்கியதில்லை.

ஒரு தடவை நான் கேட்டேன், சார், இந்த வெளிநாட்டுப் படத்தில் சூரியன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நமக்கு எப்படித் தெரியும் என்று. அவர் சிரிக்காமல் சொன்னார், ஊர் தெரியாத சூரியன் எல்லாம் உதயம்தான் என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஆவடியிலிருந்து அந்த ஆர்டர் வந்தது. அங்கே ஒரு தொழிற்சாலையின் ஊழியர் கூட்டுறவுப் பண்டகசாலை. உறுப்பினர்களுக்கெல்லாம் காலண்டர் தரப்போகிறார்கள். சீனரிதான், ஆனால் எந்தச் சீனரி என்பதில் கமிட்டிக்குள் அடிதடி. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் எல்லா ஜில்லாக்காரர்களும் ஆயிற்றே. செயலாளர் பால்துரை திருநெல்வேலி, அவருக்குக் குற்றாலம் வேண்டும். தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரி. ஒருவர் ஊட்டி என்றாராம், ஊட்டிக்கு அவர் போனதே இல்லை. கடைசியில் யார் ஊரும் வேண்டாம், நாம் எல்லாரும் பிழைக்கிற இந்த ஊரையே போட்டுவிடுங்கள் என்று தீர்த்தார்களாம். ஆவடியைச் சீனரியாகப் போடு என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கூடத் திறக்காமல் சாரின் மேசை முன்னால் போய் நின்றேன். நான் எடுக்கறேன் சார் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருட்டறைக்காரனுக்கு வெளிச்சத்தில் என்ன வேலை என்று கேட்டார். நான் நகரவில்லை. அச்சகத்தின் கேமராவையும் இரண்டு ரோலையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எடுத்துட்டு வா. கமிட்டி ஒத்துக்கிட்டா சரி. அவங்க ஆகாதுன்னா மறுநாள்ல இருந்து நீ இருட்டறை, கேமரா பேச்சை என்கிட்ட எடுக்கக் கூடாது. என்ன?"

சரி என்று தலையாட்டிவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று உறைத்தது. இது தப்பிப் போனால் ஓய்வு பெறும் வரை அந்தச் சிவப்பு விளக்கும் மருந்து நாற்றமும்தான் எனக்கு.

ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியைத் தேர்ந்தெடுத்தேன். ஐப்பசி மழை பெய்து தளும்ப நின்றது. விடியும் முன்னே கரைக்குப் போய் ஸ்டாண்டைப் போட்டு நின்றேன். சூரியோதயம் பிடிக்க வேண்டுமே. கிழக்கே திரும்பி நிற்கிறேன், முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள், துணி காயும் கயிறு, பல்பொடி விளம்பரம் எழுதிய சுவர். ஏரி எனக்கு முதுகுக்குப் பின்னால். கரையோரம் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா நைனா, ஏரிய படம் புடிக்க வந்துகினு எங்க ஊட்டையே பாத்துகினு கீற?"

சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் பக்கம் நிலம் கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. அதனால் ஏரிகளுக்குக் கரை பெரும்பாலும் கிழக்கில்தான். கரைமேல் நின்றால் தண்ணீர் மேற்கே. அதாவது தண்ணீர்மேல் சூரியன் இறங்கத்தான் பார்க்கலாம், ஏறப் பார்க்க முடியாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நான் சைக்கிளில் சுற்றிப் பார்த்த ஏரி எல்லாவற்றிலும் இதே கதை. அயனம்பாக்கத்திலும் அப்படித்தான். இந்த ஊரின் அழகெல்லாம் அஸ்தமனத்தில் இருக்கிறது, என் தொழிலிலோ அஸ்தமனத்துக்கு இடமே இல்லை.

விட்டேனா? மறுநாள் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போனேன். அங்கே கரையே இல்லை, சேறும் சீமைக்கருவேலமும்தான். முள் கிழிக்க உள்ளே நுழைந்து ஸ்டாண்டை நட்டு, தண்ணீருக்கு மேல் செக்கச்செவேல் என்று சிவந்ததும் கண்ணை வைத்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. காக்கி உடுப்பு. அந்தத் திசையில் தொழிற்சாலை இருக்கிறது, கேமராவை அப்படித் திருப்பவே கூடாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் அடையாள அட்டையைப் பார்த்தார், காலண்டர் என்றதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சூரியன் அந்தப் பக்கம் உதித்தால் நான் என்ன சார் பண்ணுவேன் என்றேன். அது உங்க பாடு என்று சொல்லி, வெளியே வர வழியும் காட்டிவிட்டார்.

ஆக, உதயத்தைப் பிடிக்கவே முடியாது. கையிலிருந்த ரோல்களுடன் அன்று சாயங்காலம் கிழக்குக் கரைக்கே வந்தேன். கரை ஓரிடத்தில் வளைந்து மேற்கே போகும். அந்த வளைவில் நின்றேன். சூரியன் தண்ணீரைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. தூரத்தில் சங்கு ஊதியது. சிறிது நேரத்தில் பின்னாலிருந்து சைக்கிள் மணிச்சத்தம், ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக. குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தார்கள், ஓவர்டைம் முடித்து கரை வழியாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். என்னைத் தாண்டி வரிசையாக வளைவில் ஏறினார்கள். ஹேண்டிலில் டிபன் கேரியர் ஆட, கால் மெதுவாக மிதிக்க, கருப்பு உருவங்களாகச் சூரியனைப் பார்த்துப் போனார்கள். தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு வரிசை. மேலே ஒரு மேகம் இல்லை, பண்டகசாலை பேர் தாராளமாக உட்காரும் சுத்தமான செம்மஞ்சள் வானம். என் நெஞ்சு அடித்துக்கொள்வதே கேமராவை ஆட்டிவிடுமோ என்று பயந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். ரோல் தீர்ந்ததும் அந்தக் கரையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு ஆனந்தம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை, மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஸ்லைடு கழுவி வந்ததும் சாரின் கண்ணாடி மேசையில் வைத்தேன். அஸ்தமனம் சார் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் நான்கு மூலைகளைப் பார்த்தார். நடுவைப் பார்த்தார். உள்ளங்கையால் வானத்தை மூடினார், திறந்தார். பெரிதாகப் பிரிண்ட் போட வைத்து, கேட் வரைக்கும் நடந்து போய் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சூரியன் இறங்குது, ஆளுங்க முதுகைக் காட்டிட்டுப் போறாங்க, ரெண்டு தப்பு ஒரே படத்துல என்றார். உதயம் என்று சொல்லிக் கமிட்டியிடம் கொடுத்துவிடலாமே என்று பக்கத்திலிருந்த விற்பனைக்காரர் சொன்னார். சாருக்கு வந்ததே கோபம். அந்த ஏரியைத் தினம் பார்க்கிறவனிடம் போய் அதன் சூரியனைப் பற்றிப் பொய் சொல்வாயா என்று அவரை ஒரு பிடி பிடித்தார்.

கமிட்டி கூடியது பண்டகசாலையின் பின்பக்கக் கிடங்கில். அரிசி மூட்டைமேல் பிரிண்டைச் சாய்த்து வைத்தோம். சுற்றிலும் எண்ணெய் டின். நான் வாயைத் திறக்கும் முன்னே சார் எழுந்து, இது அஸ்தமனம், ஆட்கள் போகிற படம், என் சர்வீஸில் இப்படி ஒன்றை நான் போட்டதில்லை, எடுத்தவன் இவன், முடிவு உங்களுடையது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.  என்னை உள்ளே தள்ளி இருட்டறைக் கதவை அவரே சாத்திவிட்டாரே என்று நினைத்தேன்.

படம் நல்லாத்தான் இருக்கு என்று முனகினார்கள். ஆனால் சூரியன் இறங்குவது என்றதும் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். புது வருஷமும் அதுவுமாக வீட்டில் மாட்டுகிறது, பெரியவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்றார் தஞ்சாவூர்க்காரர். பால்துரை மறுபடி குற்றாலத்தை எடுத்தார். பேச்சு அருவிப் பக்கம் திரும்ப ஆரம்பித்துவிட்டது. நான் பிரிண்டை எடுத்துச் சுருட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கமிட்டியில் ஒரே பெண் கஸ்தூரி அம்மா. தொழிற்சாலை கேண்டீனில் வேலை. அவர் எழுந்து வந்து பிரிண்டுக்கு முன்னால் குனிந்தார். சைக்கிள்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்துத் திரும்பினார்.

"இவங்க போவல சார், வர்றாங்க. நீங்க இந்தக் கரையில நின்னுகினு பாக்குறீங்க. என் ஊடு ஏரிக்கு அந்தாண்ட கீது. நான் முன்னாடியே பஸ்ல போயிடுவேன், அவரு ஓ.டி. முடிச்சு வரணும். சூரியன் இப்டி எறங்கசொல்லத்தான் அவரு தலை தெரியும். அது தெரியற வரைக்கும் எனுக்கு உசுரு உசுரா இருக்காது."

 அங்கே இருந்த அத்தனை பேரும் எப்போது கையை இழுக்கும் என்று தெரியாத மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர்கள், அந்த அம்மா சொன்னது அவர்களுக்கு விளங்கியது. தஞ்சாவூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பால்துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் ஒரு அசைவு. திரும்பிப் பார்த்தேன். சண்முகவேல் சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போடலாம்" என்றார். கமிட்டி சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும்போதுதான், நாளைல இருந்து இருட்டறைக்கு வராத, வெளிய போ என்றார். நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன், கண்டக்டர் திட்டினார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் மயிர் கூச்செறிகிறது. குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு வீடு எங்கள் ஏரி. விடுமுறைக்குப் போனவர்கள் ஊருக்கு எடுத்துப் போய் மாமனார் வீட்டில் மாட்டினார்கள். பூந்தமல்லியில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் பனிமலையை இறக்கிவிட்டு இதை ஏற்றினார்கள், நான் காட்டிக்கொள்ளாமல் கழுத்தைத் திருப்பாமல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மறு வருடம் ஆர்டர் கொடுக்க வந்தவர்கள், அந்த சைக்கிள் சீனரி இருக்கா என்றார்கள். ஸ்டுடியோ திரையில் ஏரி வந்தது, புது மாப்பிள்ளைகள் அதன்முன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிணறு போடும் லாரி ஒன்றைத் திருநின்றவூர் தாண்டிப் பார்த்தேன், பின்னால் செம்மஞ்சள் வானம், சைக்கிள் வரிசை, பெயிண்டர் தன் பங்குக்கு இரண்டு தென்னை மரம். சினிமாக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். கதாநாயகனும் நாயகியும் சைக்கிளில் அந்த வளைவில் திரும்பத் திரும்பப் போனார்கள், கரை முழுக்க வேடிக்கை பார்க்கும் ஜனம், அதில் நானும் ஒருவன்.

எல்லாவற்றையும்விட ஒன்று. ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் வரைந்த படங்களை வராந்தாவில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு மலை, இரண்டு மலை, இரண்டு மலை. நடுவில் ஒன்றில் மலையைக் காணோம். தட்டையான ஒரு கோடு, அதன்மேல் பாதிச் சூரியன், எறும்பு ஊர்வதுபோல் சைக்கிள்கள். கீழே கோணல்மாணலாக 'எங்க ஊர்' என்று எழுதியிருந்தது. அந்த வராந்தாவில் நின்று நான் அழுததை என் மனைவி மட்டும் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை வெளியேதான். புழல் தண்ணீர், பழவேற்காட்டுப் படகு, செங்கல் சூளை என்று எவ்வளவோ எடுத்தேன். அதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் மலரில் வேறு எதற்கும் இடம் இருக்காது. இப்போது எங்கள் ஏரிக்கரையில் தினமும் சாயங்காலம் பாருங்கள், கைக்குக் கை போன். எல்லாரும் பிடிப்பது இறங்கும் சூரியனைத்தான். ஒருவராவது காலையில் வருகிறார்களா? நம் ஏரி மேற்கைப் பார்த்தது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, எனக்கு அதில் ஒரே கொண்டாட்டம்.

சரி, வேப்பம்பட்டுக்கு வருகிறேன். சார் தினமும் போன் போட்டு, திருத்தியாச்சா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நந்தினியிடம் போனில் எழுத்தை அழித்து மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். உட்காரக்கூட விடவில்லை, முதலில் வேலையை முடி என்று தன் போனை நீட்டினார். 'காலை'யை அழித்து 'மாலை' என்று போட்டேன். பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார், போன் திரையை. நான்கு மூலைகளையும். பிறகு அங்கேயே தன் குடும்பக் குழுவுக்கு அனுப்பினார். பட்டப்பகல். உடனே அமெரிக்காவிலிருக்கும் பேரன், தாத்தா, ஊர்ல இப்ப சாயங்காலமா என்று கேட்டிருந்தான். அவன் கிடக்கான் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மருமகள் காபி கொண்டுவந்தார். டம்ளரை வாங்க நிமிர்ந்தபோதுதான் சாருடைய கட்டிலுக்கு எதிர்ச்சுவரைப் பார்த்தேன். எங்கள் காலண்டர். தேதித் தாளைக் கத்தரித்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வானத்தில் பண்டகசாலை பேர் அப்படியே இருந்தது. காபி கையில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன்.

"எந்தச் சுவருன்னு பாரு" என்றார் சார்.

ஜன்னல் பக்கம் திரும்பி வெயிலைப் பார்த்தேன். மேற்குச் சுவர். படத்துச் சூரியன் எங்கே இறங்க வேண்டுமோ அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாட்டினது, சாயங்காலமானா அதைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருப்பாங்க என்றார் மருமகள். இத்தனை வருடத்தில் சார் என்னிடம் இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எனக்கு அந்தப் பழைய கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனை படத்தை அந்தக் கேள்வியால் கொன்றிருக்கிறார். விடுவேனா? கேட்டேவிட்டேன்.

"என்ன சார், அஸ்தமனத்தை வீட்டுல மாட்டலாமா?"

 அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்தச் சைக்கிள் வரிசையைப் பார்த்தார்.

"அதான் வர்றாங்கல்லப்பா" என்றார்.